மில்லுக்கு நான் வைத்த பிச்சிப்பூ

கூச்சப்படுகிற பெண்ணால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். "எங்க கோமு அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா" என்று பெரியம்மா சொன்னதைக் கேட்டு, ரொம்பத் திருப்தியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கல்யாணமான நாலாவது மாதம், அதிர்ந்து பேசாத அந்தப் பெண் ஒரு நூல் மில்லையே ஒன்பது நாள் ஆட்டி வைத்துவிட்டாள். வாயைத் திறக்காததால் வந்த வினை. திறந்த பிறகு வந்தது அதைவிட மோசம்.

இதை எழுதச் சொன்னது என் மகள். "நீ வாயால சொன்னா பாதியில வெக்கப்பட்டு அடுப்படிக்குள்ள போயிருவே. எழுதிக் குடும்மா" என்றாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் எழுதினால் எதிரே யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அந்த வசதிக்காக ஒத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் ஆரம்பம். சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில் ஒரு நூல் மில். நானும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தோம். (அவர் பெயரை எழுதலாம்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த இடம் வந்தால் பேனா நின்றுவிடுகிறது.) நான் ஸ்பின்னிங்கில் இழை ஒட்டுகிறவள். வரிசை வரிசையாகக் கதிர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தக் கதிரில் நூல் அறுகிறதோ அங்கே ஓடிப் போய், அறுந்த நுனியைப் பிடித்து ஒட்டவேண்டும். அவருக்கு ஹூமிடி ரூமில் வேலை.

ஹூமிடி ரூம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் புரியாது. பஞ்சு செல்லப் பிள்ளை மாதிரி. காற்று காய்ந்து கிடந்தால் நூல் படக் படக்கென்று அறும். ஈரம் கூடிப் போனால் உருளையில் போய் அப்பிக்கொள்ளும். அதனால் காற்றைப் பதமாக நனைத்து உள்ளே அனுப்ப ஒரு தனி அறை. அதில் ஆள் உயரத்துக்குக் காற்றாடிகள், தண்ணீரைச் சாரலாகத் தூவுகிற பம்பு. அங்கிருந்து பெரிய தகரக் குழாய் வழியாகக் குளிர்ந்த காற்று எங்கள் தலைக்கு மேலே வந்து இறங்கும்.

நூற்கிற மெஷின்களுக்கு அடுத்தபடி மில்லில் கரண்டைக் குடித்தது அந்த அறைதான். காலையில் சுவிட்சைப் போட்டால் ஷிப்ட் முடிகிற வரைக்கும் ஓடும். வெளியே அடைமழை பெய்து காற்றே சொதசொதவென்று இருந்தாலும் உள்ளே பம்பும் சேர்ந்து மழை பெய்துகொண்டிருக்கும். நிறுத்தி நூல் அறுந்தால் திட்டு விழும். வீணாக ஓடினால் திட்ட ஆளில்லை. பிறகு எந்த ஆப்பரேட்டர் நிறுத்துவார்?

அந்த வருஷங்களில் மின்வெட்டு வேறு. மில்லுக்கு இத்தனை யூனிட்தான் என்று அளந்து கொடுப்பார்கள். மாதக் கடைசியில் அளவு தீர்ந்துவிட்டால் மில்லைச் சாத்திவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று மேனேஜர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சாமானை வரவழைத்தார். ஸ்பின்னிங்கில் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். போதும் என்று தோன்றினால் பம்பையும் ஒரு காற்றாடியையும் தானாக நிறுத்தும். காய்ந்தால் தானாக ஓட்டும். மனுஷன் கை வைக்க வேண்டியதில்லை.

அதைக் கற்றுக்கொள்ள என் வீட்டுக்காரரைத்தான் போட்டார்கள். பத்தாவது வரை படித்தவர், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிப்பார். அப்போது அவர் தற்காலிக ஆள். மேனேஜர் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். "ஒரு மாசம் பார்ப்போம். இது ஒழுங்கா ஓடினா நீ இங்கேயே பெர்மனென்ட். சரிப்படலைன்னா இதைத் திருப்பி அனுப்பிடுவேன், நீயும் திரும்ப பஞ்சு குடோனுக்குப் போயிடு."

குடோன் என்றால் அவருக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் அங்கே பஞ்சுப் பொதி தூக்கியிருக்கிறார். தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமிக் கண் பிதுங்குமாம். ஹூமிடி ரூமுக்கு வந்த பிறகுதான் ஆளுக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. ஆக எங்கள் குடும்பத்தின் மூச்சு அந்தக் கோயம்புத்தூர்ச் சாமானில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பத்திரமாகக் காப்பாற்ற வேண்டியவர் அவர். கெடுக்க வந்து சேர்ந்தவள் நான்.

இனி பூவுக்கு வருகிறேன்.

எங்கள் சங்கரன்கோவில் பூச்சந்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடிந்தும் விடியாமல் சைக்கிளில் அங்கே போய் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கி வந்து என் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டார், நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த நாலு மாதத்தில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிட்டு, விலாசத்துக்கும் இடம் விடலாம்.

ஆனால் ஸ்பின்னிங்குக்குள் தலையில் பூ வைக்கக் கூடாது. இதழ் உதிர்ந்து பஞ்சில் ஒட்டிக்கொள்ளும் என்று சட்டம். சோற்றுப் பையில் வைத்தால் மத்தியானத்துக்குள் வெந்த கீரை மாதிரி ஆகிவிடும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது அந்தக் கீரையைத்தான் தலையில் வைத்துக்கொண்டு வருவேன். கேட்டில் எனக்காக நிற்கிறவர் என் தலையைப் பார்ப்பார், முகம் சுண்டிப்போகும். 'வாங்காதீங்க' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு எதையாவது சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் என் மெஷினுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு புதுப் பெட்டியைப் பார்த்தேன். சாம்பல் நிறம், சின்ன டிபன் பாக்ஸ் அளவு, மேலேயும் பக்கத்திலும் வரிவரியாகச் சல்லடைத் துவாரம். மில்லில் இனிப் பாட்டுப் போடப் போகிறார்கள், அதற்கு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். (கோயம்புத்தூர்ச் சாமான் என்றால் பீரோ அளவுக்கு இருக்கும் என்று என் நினைப்பு. ஹூமிடி ரூமில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்குமாக ஒன்று அப்படித்தான் நின்றது.) பெட்டிக்குக் கீழே சிவப்பு மையில் 'தொடாதே' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். யாரும் தொட மாட்டார்கள் என்றால் இதைவிடப் பத்திரமான இடம் எது? குளிர்ந்த காற்றும் அந்தத் தூண் பக்கம்தான் இறங்கியது. அவருடைய பழைய துண்டைக் கிழித்து, நன்றாக நனைத்து, பூவைச் சுற்றி, நூல் கட்டைகள் போடுகிற ஒரு பாபின் பெட்டி மேல் ஏறி, சாம்பல் பெட்டியின் தலையில் வைத்துவிட்டு இறங்கினேன். நான் ஒன்றும் தொடவில்லை. பூதான் தொட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் பிச்சிப்பூ அப்போதுதான் பறித்த மாதிரி இருந்தது. கேட்டில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர், கல்யாணமான பிறகு முதல் தடவையாக அவராகவே பேச்சை ஆரம்பித்தார்.

"கோமு, இன்னைக்கு பம்பு ரெண்டே தடவதான் ஓடுச்சு."

"ம்."

"புதுச் சாமான்ல உள்ள முள்ளைப் பாத்தா 'ஈரம் போதும், போதும்'னே காட்டுது. இவ்வளவு நாளும் கரண்டை எப்படிக் கொட்டிக் கவுத்திருக்கோம் பாத்தியா?"

"ம்" என்றேன். என் கால் வலி எனக்கு. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து நூல் அறுந்த அறுப்பில் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது நூல் பேச்சை எதற்கு எடுப்பது?

இரண்டாம் நாள் இன்னும் அறுந்தது. மூன்றாம் நாள் எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் ஓட்டப் பந்தயத்தில் இருந்தார்கள். இங்கே ஒட்டினால் அங்கே அறும், அங்கே ஒட்டினால் பின்னாலே அறும். அடுத்த மெஷினில் இசக்கி அக்கா. வயசில் மூத்தவள், வாயில் எல்லாருக்கும் மூத்தவள். "ஏட்டி கோமு, நூலாட்டி இது? எங்க மாமியாவுக்கு எம்மேல உள்ள பாசம்கூட இதவிடக் கெட்டியாட்டு இருக்கும்ட்டி" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துவாள்.

மேனேஜர் முதலில் பஞ்சைச் சந்தேகப்பட்டார். பஞ்சுக்காரர்கள் உருளையைக் கை காட்டினார்கள். உருளைக்காரர்கள் எங்கள் கையைக் கை காட்டினார்கள். தூணில் இருந்த பெட்டியை யாரும் நினைக்கவில்லை. அதன் மேல் இருந்த மூட்டையும் பெட்டியின் நிறமே, தூணுக்கு உள்பக்கம் வேறு. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. 'தொடாதே' என்று, சாமானை மாட்ட வந்த இன்ஜினியர் எழுதிவிட்டுப் போனதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஹூமிடி ரூமில் இருந்த முள்தான். அந்த முள்ளோ பிச்சிப்பூவின் குளிர்ச்சியில் சொக்கிப்போய், ஈரம் போதும் போதும் என்று நின்றது.

இதில் கொடுமை என்னவென்றால், மீட்டர் ரீடிங்கைப் பார்த்து மேனேஜருக்கே தலைகால் புரியவில்லை. ஹூமிடி ரூம் அவ்வளவு குறைவாகக் கரண்ட் எடுத்ததை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்துவிட்டார். நூல் அறுவது ஒரு பக்கம் கவலை, ரீடிங் ஒரு பக்கம் பெருமை. ஒரு கண்ணில் சிரிப்பும் ஒரு கண்ணில் அழுகையுமாக அலைந்தார் மனுஷர்.

ஐந்தாம் நாள் இசக்கி அக்கா, "இது கண்ணேறுட்டி. கோயம்புத்தூர்க்காரன் கண்ணு" என்று தீர்ப்புச் சொல்லி, எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து எங்கள் மெஷின் தலைமாட்டில் கட்டினாள்.

ஆறாம் நாள் பெரிய முகூர்த்தம். சந்தையில் பிச்சிப்பூ விலை எங்கேயோ போய்விட்டது. அவர் வெறுங்கையோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பூ இல்லாமல் வேலைக்குப் போனேன். அன்றைக்கு நூல் அறுபடவே இல்லை! பம்பு ஓடி ஓடி நின்றது, காற்று பதமாக வந்தது, நாங்கள் நின்று பேசிக்கொண்டே வேலை பார்த்தோம்.

"பாத்தியளா! எங் கை ராசியப் பாத்தியளா!" என்று இசக்கி அக்கா எலுமிச்சம்பழத்தைச் சுட்டிக் காட்டிச் சுற்றி வந்தாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஏழாம் நாள், முந்தின நாள் வாங்காத குறைக்குச் சேர்த்து அவர் நாலு முழம் வாங்கி வந்தார். நாலு முழத்துக்குத் துணியும் பெரிது, ஈரமும் ஜாஸ்தி. அன்றைக்குப் பம்பு ஒரு தடவைகூட ஓடவில்லை. மழை இல்லாத கரிசல் காட்டில் நிற்கிற மாதிரி தொண்டை காய்ந்தது. எலுமிச்சம்பழமும் காய்ந்தது. நூல் அறுந்ததை எண்ண ஆளில்லை, ஒட்டுவதற்கே ஆள் போதவில்லை. இசக்கி அக்கா பழத்தை அறுத்துத் தூக்கிப் போட்டாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, பெரிய தைரியத்தோடு வாயைத் திறந்தேன்.

"நூலு ரொம்ப அறுதுங்க. காத்து காஞ்சு கெடக்கு."

"காயல கோமு. முள்ளு சொல்லுதுல்லா?"

"முள்ளு வந்து இழை ஒட்டுதா? நான்லா ஒட்டுதேன்."

இதுதான் எங்கள் முதல் சண்டை. சொன்ன பிறகு எனக்கே பயமாகிவிட்டது, தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். மறுநாள் அவர் மேனேஜருக்குத் தெரியாமல், மூலையில் போட்டிருந்த பழைய தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்தாராம். ஒரு குமிழில் ஈரத்துணி சுற்றி, அதை வைத்துக் காற்றின் ஈரத்தைப் பார்ப்பது பழைய முறை. அது 'காய்ந்து கிடக்கிறது' என்றது. புதுசு 'போதும்' என்றது. கோயம்புத்தூர்ச் சாமானை நம்புவதா, பழைய கண்ணாடிக் குச்சியை நம்புவதா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்துவிட்டு, ஒன்பதாம் நாள் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். சொன்னால் சாமான் சரியில்லை என்றாகும், தான் குடோனுக்குப் போகவேண்டும் என்று தெரிந்தேதான் சொன்னார். "பிள்ளைக ஓடி ஓடிச் சாவுதுக ஐயா" என்றாராம். (பிள்ளைகளில் எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.)

கோயம்புத்தூருக்குத் தந்தி போய், பத்தாம் நாள் இன்ஜினியர் வந்து இறங்கினார். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஆள். ஹூமிடி ரூமில் ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு மேனேஜரும் என் வீட்டுக்காரரும் பின்னால் வர, ஸ்பின்னிங்குக்குள் நுழைந்து நேராக என் தூணுக்கு வந்தார்.

மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சுப் புரியும், அந்தச் சத்தத்தில் வேறு வழியில்லை. ஐந்தடி தள்ளி நூல் ஒட்டிக்கொண்டே நான் அவர் உதட்டைப் படித்தேன்.

"இதுதானுங்க அதோட மூக்கு. இந்த மூக்கு என்ன சொல்லுதோ அதைக் கேட்டுத்தான் அங்கே பம்பு ஓடறது, நிக்கறது எல்லாமுங்க."

என் கை அப்படியே நின்றது. ஸ்பீக்கர் இல்லையா அது?

இன்ஜினியர் மூக்கை உறிஞ்சினார். "ஏனுங்க, பிச்சிப்பூ வாசம் வருதுங்களே?"

சொல்லிக்கொண்டே பாபின் பெட்டி மேல் ஏறினார். என் மூட்டையை எடுத்துக் கீழே காட்டினார். பிரித்ததும் இரண்டு முழம் பிச்சி, சொட்டச் சொட்ட, அவ்வளவு புத்தம் புதுசாக. கண்ணீர் வருகிற அளவுக்கு அழகாக இருந்தது.

மேனேஜர் முகம் சிவந்தது. "யாரோட பூ இது?"

என் வீட்டுக்காரர் பூவைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். இரண்டும் அவர் வாங்கியவை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுபடி நிமிர்ந்தபோது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என் பூதான் ஐயா."

"உனக்கு எதுக்குய்யா பூ?"

"புது மெஷின்லா... நல்லா ஓடணும்னு பூசை மாதிரி..."

"பூசையா! ஒன்பது நாளா மில்லையே நாசம் பண்ணிட்டு, பூசைங்கறே? உன்னை நம்பித்தானேய்யா இதைக் கொடுத்தேன்? நாளையிலேர்ந்து நீ குடோனுக்குப் போ!"

குடோன் என்று உதடு குவிந்ததைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. நூலை விட்டேன். நாலு எட்டில் அங்கே போய் நின்றேன். மெஷின் சத்தத்தில் அவர்கள் காதில் விழவேண்டுமே என்று, அடிவயிற்றிலிருந்து, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தத்தை எல்லாம் எடுத்துக் கத்தினேன்.

"அவுகள அனுப்பாதீக! அது எம் பூ! நாந்தான் அங்கன வச்சேன்!"

சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

மில்லில் கரண்ட் போனால் மெஷின் எல்லாம் உய்ய்ய் என்று இழுத்துக்கொண்டே அடங்கும். அடங்கிய பிறகு வருகிற அமைதி பயங்கரமாக இருக்கும், ஆணி விழுந்தால் கேட்கும். ஆனால் கத்த ஆரம்பித்த எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. பழக்கம் இருந்தால்தானே? அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அந்த அமைதியின் நட்ட நடுவில் என் குரல் மட்டும் கூரையில் மோதி எதிரொலித்தது.

"அவுக எனக்கு ஆசையா வாங்கித் தார பூ! அது வாடுனா அவுக மொகமும் வாடிருதுய்யா!"

ஹூமிடி ரூமில் எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

முதலில் இசக்கி அக்காதான் வாயைத் திறந்தாள். "அடியாத்தே! ஏட்டி, இம்புட்டு நாளும் இந்தத் தொண்டைய எங்கட்டி ஒளிச்சு வச்சிருந்தே?"

அவ்வளவுதான். மில்லே சிரித்தது. பஞ்சுப் பக்கத்திலிருந்து, நூலைக் கோனில் சுற்றுகிற பக்கத்திலிருந்து எல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒளிய எனக்குத் தூண் கிடைக்கவில்லை, சேலைத் தலைப்புதான் கிடைத்தது.

இன்ஜினியர் சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெட்டியின் மூடியைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். உள்ளே மெல்லிசாக, நீளமாக ஏதோ இழுத்துக் கட்டியிருந்தது.

"தலைமுடிங்க. ஈரம் பட்டா நீளும், காஞ்சா சுருங்கும். அதை வெச்சுத்தான் இது கணக்குப் போடுது. ஈரத்துணியைக் கொண்டாந்து மேலேயே வெச்சா, பாவம் அது என்னங்க பண்ணும்?"

"பொறவென்ன? கூந்தலைக் கண்ட எடத்துல புள்ள பூ வச்சிருக்கு. அவ மேல என்ன குத்தம்?" என்றாள் இசக்கி அக்கா.

மேனேஜருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அந்த ரீடிங்கை எல்லாம் முதலாளிகிட்டே காட்டிட்டேனே" என்று நெற்றியைத் தேய்த்தார். ஆறாம் நாள் பூ வைக்காததையும் அன்றைக்கு நூல் அறுபடாததையும் நான் தலைப்புக்குள்ளிருந்தே முணுமுணுத்தேன்.

"பெட்டி பொய் சொல்லலீங்க" என்றார் இன்ஜினியர். "அது இருக்கற எடத்துல ஈரம் இருந்துச்சு, போதும்னு சொல்லிச்சு. பூ வெக்காத அன்னிக்கு நூல் அறலைன்னு இவங்களே சொல்றாங்கல்லோ? தப்பு என் பேர்லதானுங்க. தொடாதேன்னு எழுதினேனே தவிர, பக்கத்துல நிக்கற அம்மிணிக்கு இது இன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை." பிறகு என் வீட்டுக்காரரைத் தூணுக்குப் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "பழைய தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்துப்போட்டு, முள்ளு தப்புன்னு தைரியமாச் சொன்னது இவருங்க. மெஷினு தானா ஓடும், சரிதானுங்க. அது சொல்றது நெசமான்னு பார்க்க இப்படி ஒரு ஆளு வேணும். இவரையே போடுங்க."

கரண்ட் வந்து மெஷின்கள் மறுபடி இரைய ஆரம்பித்தன. அந்த இரைச்சலில் மேனேஜர் உதட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னிலேர்ந்து திரும்ப ஒரு மாசம்" என்றது உதடு.

அந்த ஒரு மாதமும் அவர் மணிக்கொரு தடவை பழைய தெர்மாமீட்டரையும் புது முள்ளையும் ஒத்துப் பார்த்தார். காலையில் காற்று ஈரமாக இருக்கிற நேரம் பம்பு சும்மா இருந்தது, மத்தியான வெயிலுக்கு ஓடியது, தூறல் போட்ட நாளில் பாதி நாள் தூங்கியது. ரீடிங் என் பூ செய்த அளவுக்குக் குறையவில்லை. (அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை.) ஆனால் பழையதுக்கு இது எவ்வளவோ மேல். நூலும் அறவில்லை. அந்த மாதக் கடைசியில் மில்லைச் சாத்தாமல் முழு மாதமும் ஓட்டினார்கள். அவர் பெர்மனென்ட் ஆனார். குடோன் பக்கம் பிறகு அவர் போனதே இல்லை.

பெட்டிக்குக் கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டினார்கள். பூவுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணினார் மேனேஜர். ஹூமிடி ரூம் வாசலில் வரிசையாக ஆணி அடித்து, பெண்கள் எல்லாரும் பூவை அங்கே தொங்கவிடலாம் என்று சொல்லிவிட்டார். மில்லிலேயே குளிர்ந்த இடம் அது. அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு ஆப்பரேட்டருடையது. ஷிப்ட் முடிந்ததும் எல்லாப் பெண்களும் வாசலில் வந்து நிற்க, அவர் ஒவ்வொருத்தர் பூவாக எடுத்துக் கொடுப்பார். அன்றிலிருந்து ரிட்டயர் ஆகிற வரைக்கும் மில்லில் அவருக்குப் பெயர் பூக்கார அண்ணாச்சி. சிவகிரியில் ஒரு கல்யாண வீட்டில், அவர் உண்மையிலேயே பூக்கடை வைத்திருக்கிறார் என்று நம்பி ஒருத்தர் மாலைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். இவரும் மறுக்க வெட்கப்பட்டுக்கொண்டு சந்தையில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். என் கூச்சம் மெதுவாக அவருக்கும் தொற்றிவிட்டது.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறோம். இந்த ஊரிலும் பூ கிடைக்கிறது, அவரும் வாங்கி வருகிறார். மருமகன் எங்கள் அறைக்கு ஒரு ஏசி மாட்டிக் கொடுத்திருக்கிறார். வேண்டிய குளிர் வந்ததும் தானே அடங்கி, வேர்த்தால் தானே ஓடுகிற சாதி. எப்போதாவது அது மக்கர் பண்ணினால், வீட்டில் யாரும் ரிமோட்டைத் தேடுவதில்லை. முதலில் எல்லாரும் என் தலையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே பூ இருந்தால்தான் மெக்கானிக்குக்குப் போன் போகும்.